சமயமும் வன்முறைத் தீவிரவாதமும்

சமயத்துக்கும் வன்முறைத் தீவிரவாதத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிய ஆய்வு என்பது, சமய நம்பிக்கை, சமய அடையாளம், சமய அமைப்பு ஆகியவை வன்முறைக்கு எந்தச் சூழலில் துணைபோகின்றன, எந்தச் சூழலில் அதைத் தடுக்கின்றன என்பதை ஆராயும் துறையாகும். சமூகவியல், அரசறிவியல், சமயவியல், உளவியல், வரலாறு ஆகியவை இதில் பங்களிக்கின்றன. ஒரே சமயத்தைப் பின்பற்றி, ஒரே ஊரில் வாழ்ந்து, ஒரே குறையை உணரும் மக்களில் மிகச் சிலர் மட்டும் ஏன் ஆயுதம் எடுக்கின்றனர் என்பதே இத்துறையின் மையக் கேள்வி.

சொற்களின் பொருள்

'சமயம்' என்ற சொல் இங்கு மூன்று வெவ்வேறு பொருள்களைக் குறிக்கலாம். ஒன்று, கடவுள், அறம், மறுமை பற்றிய நம்பிக்கை. இரண்டு, 'நாம்', 'அவர்கள்' என்று பிரிக்கும் அடையாளம். மூன்று, வழிபாட்டிடம், சங்கம், நிதி, தலைமை ஆகியவற்றைக் கொண்ட அமைப்பு. ஒரு கலவரத்தில் அடையாளம் முன்னிற்கலாம். அதில் ஈடுபட்டோருக்குச் சமய அறிவோ பக்தியோ மிகக் குறைவாகவும் இருக்கலாம். இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பினால், ஒரு சிலரின் செயலுக்கு ஒரு சமயத்தார் அனைவரும் பொறுப்பாக்கப்படுவர். கடுமையான சமய ஒழுக்கமும் வன்முறைத் தீவிரவாதமும் ஒன்றல்ல.

முதன்மையான விளக்கங்கள்

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் யுர்கென்ஸ்மையர், உலகியல் மோதலை நன்மைக்கும் தீமைக்கும் இடையிலான பிரபஞ்சப் போராகச் சமயம் மாற்றிக் காட்டும்போது சமரசம் கடினமாகிறது என்கிறார். வில்லியம் கவனா இதை மறுத்து, 'சமய வன்முறை', 'அரசியல் வன்முறை' என்று தெளிவாகப் பிரிக்கவே முடியாது என்று வாதிடுகிறார். மார்க் சேஜ்மன் நட்பு, உறவு ஆகிய வலைப்பின்னல்களை முதன்மைக் காரணமாகக் காட்டுகிறார்.

ராபர்ட் பேப் 1980 முதல் 2003 வரையிலான தற்கொலைத் தாக்குதல்களைத் தொகுத்து, அந்நிய ஆக்கிரமிப்பு என்ற உணர்வே அவற்றின் பொதுக் காரணம் என்றார். அவர் தொகுப்பில் மிகுதியான தாக்குதல்களை நடத்தியது, சமயச் சார்பற்ற இயக்கமான விடுதலைப் புலிகள். ஆனால் பேப் நடந்த தாக்குதல்களை மட்டுமே எடுத்துக்கொண்டார், அதே சூழலில் தாக்குதல் நடக்காத இடங்களை ஒப்பிடவில்லை என்ற முறையியல் விமர்சனம் எழுந்தது.

கோயம்புத்தூர், 1997–1998

காங்கேயம், திருப்பூர் உள்ளிட்ட கொங்கு வட்டாரத்தின் பெருநகரான கோயம்புத்தூரில் நடந்தவை இத்துறைக்கு முக்கியமான எடுத்துக்காட்டு. 1980இல் தமிழ்நாட்டில் இந்து முன்னணி தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் விநாயகர் சதுர்த்தி ஊர்வலங்கள் பெருகின. 1992 டிசம்பர் 6 அன்று பாபர் மசூதி இடிக்கப்பட்டபின், 1993இல் எஸ். ஏ. பாஷா தலைமையில் அல்-உம்மா உருவானது.

1997 நவம்பர் 29 அன்று உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் குத்திக் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர். கடைகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. 1998 பிப்ரவரி 14 அன்று, மக்களவைத் தேர்தல் பரப்புரைக்காக எல். கே. அத்வானி வரவிருந்த நாளில், நகரின் பல இடங்களில் அடுத்தடுத்து குண்டுகள் வெடித்தன. 58 பேர் கொல்லப்பட்டனர். 200க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அரசு அல்-உம்மாவைத் தடை செய்தது. நிகழ்வுகளை நீதிபதி பி. ஆர். கோகுலகிருஷ்ணன் ஆணையம் விசாரித்தது.

இந்த வரிசையில் நம்பிக்கையைவிட அடையாளமும் பழிவாங்கலும் வெளிப்படையாகத் தெரிகின்றன. ஆயினும் நவம்பர் மாத இழப்பு மட்டும் பிப்ரவரியை விளக்கிவிடாது. அந்தக் கலவரத்தில் உறவினரையும் உடைமையையும் இழந்தோரில் மிகப் பெரும்பாலோர் குண்டு வைக்கவில்லை. துயரத்தைத் திட்டமாக மாற்ற ஓர் அமைப்பும், வெடிபொருளும், பணமும், கொலையை நியாயப்படுத்தும் பேச்சும் தேவைப்பட்டன. குண்டுகளுக்கு இரையானோர் கலவரத்தில் ஈடுபட்டவர்களா என்று யாரும் பார்க்கவில்லை. மறுதரப்பில் இருப்பதாகக் கருதப்பட்டதே போதுமானதாயிற்று.

சந்தேகமும் அதே வழியில் பரவக்கூடியது. இவ்வழக்கில் 2007இல் பாஷா உள்ளிட்ட பலர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டனர். கேரள அரசியல்வாதி அப்துல் நாசர் மதனி, ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்த பின் இவ்வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

இலங்கை ஒப்பீடு

1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இது விடுதலைப் புலிகளின் செயல் எனப் பரவலாகக் கருதப்படுகிறது, புலிகள் மறுத்தனர். வழிபாட்டிடம் இலக்கானதால் மட்டும் ஒரு வன்முறை சமய நோக்கம் கொண்டதாகிவிடாது என்பதை இது உணர்த்துகிறது.

2019 ஏப்ரல் 21 அன்று ஈஸ்டர் ஞாயிறில் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நடந்த தாக்குதல்களில் 260க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தாக்கியோரில் கொழும்பின் செல்வந்த வணிகக் குடும்பத்துச் சகோதரர்களும் இருந்ததால், வறுமை மட்டுமே காரணம் என்ற விளக்கம் பொருந்தவில்லை. தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் ஹாஷிம் குறித்து முஸ்லிம்களே முன்னதாக அதிகாரிகளிடம் எச்சரித்திருந்தனர். ஆயினும் அடுத்த மாதம் வடமேற்கு மாகாணத்தில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன.

தடுக்கும் காரணிகள்

அசுதோஷ் வார்ஷ்னி இந்திய நகரங்களை இணை இணையாக ஒப்பிட்டார். அலிகரில் கலவரங்கள் நடந்தன; கோழிக்கோட்டில் பெரும்பாலும் அமைதி நிலவியது. இரு சமயத்தாரும் சேர்ந்து இயங்கும் வணிகச் சங்கம், தொழிற்சங்கம், கட்சி போன்றவை வலுவாக உள்ள இடங்களில் வதந்தி எளிதில் கலவரமாவதில்லை என்பது அவர் முடிவு. அன்றாட அண்டை வீட்டுப் பழக்கத்தைவிட இத்தகைய அமைப்புகள் நெருக்கடியில் கூடுதலாகத் தாங்குகின்றன என்கிறார்.

திருப்பூர், காங்கேயம் வட்டாரப் பின்னலாடைத் தொழிலில் பல சமயத்தாரும் பல மாநிலத்தாரும் ஒன்றாக வேலை செய்கின்றனர். 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவித் திருப்பூரிலும் அச்சம் எழுந்தது. காவல்துறை அவை பொய் என்று விளக்கியது. பீகார் அரசின் குழு நேரில் வந்து விசாரித்தது. இது சமய மோதல் அன்று. ஆனால் வதந்தி எவ்வாறு அச்சமாகிறது, யார் சொன்னால் மக்கள் நம்புகின்றனர் என்பதை அறிய உதவும் நிகழ்வு. ஒரே தொழிற்கூடத்தில் வேலை செய்வது மட்டும் போதுமா, பொதுவான சங்கமும் தேவையா என்பது இங்கு ஆராயத்தக்க கேள்வி.

ஆய்வு முறைகளும் அறமும்

நீதிமன்றத் தீர்ப்புகள், விசாரணை ஆணைய அறிக்கைகள், செய்தித்தாள்கள், நேர்காணல்கள் ஆகியவை இத்துறையின் முதன்மைத் தரவுகள். ஒவ்வொன்றுக்கும் வரம்பு உண்டு. குற்றப்பத்திரிகை காவல்துறையின் தரப்பு, தீர்ப்பு அன்று. சிறையில் அளிக்கப்படும் நேர்காணல் தன்னை நியாயப்படுத்தும் முயற்சியாகவும் இருக்கலாம். வன்முறை நடந்த இடத்தோடு நடக்காத இடத்தையும், குழுவில் சேர்ந்தவரோடு சேர மறுத்த அண்ணன் தம்பியையும் ஒப்பிடும் ஆய்வே நம்பத்தக்க விடை தரும். பேசுவோரின் பெயர் வெளிப்பட்டால் அவர்களுக்குக் காவல்துறையாலோ சொந்தச் சமூகத்தாராலோ தீங்கு நேரலாம் என்பதால், அடையாளத்தைக் காப்பது ஆய்வாளரின் முதற்கடமையாகக் கருதப்படுகிறது.