என்ஜினைப் பிரிப்பதற்கு முன்: லாரி, லோடு வண்டி வைத்திருப்போர் கவனத்திற்கு

அரியமங்கலம், காட்டூர், பாலக்கரை பக்கம் நம் குடும்பங்களில் பலருக்கு ஒரு லாரியோ லோடு வண்டியோதான் வாழ்வாதாரம். என்ஜின் வேலை வந்துவிட்டால் வண்டி வாரக்கணக்கில் நிற்கும். வருமானம் நிற்கும், தவணை நிற்காது. அந்த நேரத்தில் அவசரத்தில் வட்டிக்கு வாங்கி, தேவையே இல்லாத வேலைக்குக் கொட்டிவிட்டு வருந்துவோர் உண்டு. வீட்டு வாசலிலோ தெரிந்த மெக்கானிக் ஷெட்டிலோ என்ஜின் கட்ட நினைப்போர் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டால் பாதிச் செலவை மிச்சப்படுத்தலாம்.

டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் மேலே வரும்போது காற்று பதினேழில் ஒரு பங்கு அளவுக்கு நசுங்கி, 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. ரிங்கும் லைனரும் தேய்ந்து காற்று கசிந்தால் சூடு போதாது. காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறுவது இதனால்தான். ஆனால் பேட்டரி இறங்கினாலும், நாசில் கெட்டாலும் இதே திணறல் வரும். ஆகவே அதை மட்டும் வைத்து என்ஜினைப் பிரிக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

முதலில் புகையைப் பாருங்கள். கரும்புகை என்றால் பெரும்பாலும் ஏர் ஃபில்டர் அடைப்பு, நாசில் ஒழுகல், அல்லது பம்ப் அதிகம் டீசல் தள்ளுவது. இதற்கு லைனர் மாற்றத் தேவையில்லை. நீலப்புகையும் ஆயில் குறைவதும் சேர்ந்து வந்தால்தான் ரிங், வால்வு பக்கம் சந்தேகப்பட வேண்டும். வெண்புகை விடாமல் வந்து ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டையோ ஹெட்டையோ பார்க்க வேண்டும்.

அடுத்தது காற்றுச் சோதனை. நாசிலைக் கழற்றி, அந்த சிலிண்டரின் பிஸ்டனை மேலே நிறுத்தி, வால்வுகள் மூடிய நிலையில் கம்ப்ரஸர் காற்றை உள்ளே விட்டுக் கேட்க வேண்டும். காற்று ஏர் ஃபில்டர் குழாயில் சீறினால் இன்லெட் வால்வு, சைலன்ஸரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட். அரை நாள் வேலை இது. வால்வுக் கோளாறு மட்டும் என்றால் ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும். இந்தச் சோதனையைச் செய்யாமலே ‘ஃபுல் என்ஜின் வேலை’ என்பவரிடம் வண்டியை விடாமல் இருப்பதே நல்லது.

பிரித்த பிறகு எல்லாமே அளவுதான். டாடாவின் 697 என்ஜின் பெயரிலேயே அது இருக்கிறது: 6 சிலிண்டர், 97 மி.மீ. விட்டம். 497 என்றால் அதே விட்டத்தில் 4 சிலிண்டர். லைனர் மேல்பகுதியில்தான் அதிகம் தேயும், வட்டமும் கோணலாகும். அதனால் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக போர் கேஜ் வைத்து அளக்க வேண்டும். கிராங்க் தேய்ந்திருந்தால் 0.25 அல்லது 0.50 மி.மீ. கிரைண்டிங் செய்து, அதே அளவுக்குக் குறைத்த பேரிங் போட வேண்டும். விரல் நகத்தால் தடவிப் பார்த்து ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்வது அளவு அல்ல. அளவுகளை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கடன் உதவி கேட்டு வருவோர் அந்தத் தாளையும், லேத் கூலி, உதிரிபாகம், மெக்கானிக் கூலி என்று தனித்தனிப் பில்லையும் கொண்டுவந்தால் முடிவெடுப்பது எளிது.

வீட்டில் செய்யக்கூடியது கழற்றுவது, கழுவுவது, அனுபவமுள்ளவர் துணையோடு பூட்டுவது. போரிங், கிராங்க் கிரைண்டிங், ஹெட் ஃபேஸிங், பம்ப் காலிபரேஷன் ஆகியவை கருவி உள்ள இடத்திற்குத்தான் போக வேண்டும். கனெக்டிங் ராடும் அதன் கேப்பும் ஜோடி மாறக் கூடாது, எண் குறித்து வையுங்கள். ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று தவணையில், டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்க வேண்டும். ஆறு சிலிண்டர் லாரி என்ஜின் அரை டன்னை ஒட்டிய கனம். வேப்பங்கிளையில் செயின் பிளாக் மாட்டித் தூக்குவது உயிரோடு விளையாடுவது. பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். நாசில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சிறிய புள்ளிதானே என்று இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பழைய ஆயிலை உய்யகொண்டான் வாய்க்காலில் ஊற்றாமல் கேனில் பிடித்து, சேகரிப்பவரிடம் கொடுங்கள்.

‘டர்போ போட்டால் இழுவை கூடும்’ என்று ஆசை காட்டுவோரும் உண்டு. இழுவை கூடும்தான். கூடவே சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் கூடும். டர்போ இல்லாத என்ஜினின் பிஸ்டன், கேஸ்கெட், ரேடியேட்டர் எதுவும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. 1928 முதல் இயங்கும் நம் பொன்மலை ரயில்வே பணிமனையில் பெரிய டீசல் என்ஜின்களைப் பிரித்துப் புதுப்பிக்கிறார்கள். ரயில்வேயின் பழைய ஆல்கோ வகை 2600 குதிரைத் திறனிலிருந்து 3100-க்கு உயர்ந்தது டர்போவை மட்டும் மாற்றியதால் அல்ல. டீசல் செலுத்தும் பாகங்களும் குளிர்விக்கும் ஏற்பாடும் சேர்ந்தே மாறின. லாரிக்காரருக்கு அந்த வசதி ஏது? கம்பெனி அளவிலேயே திரும்பக் கட்டுவதுதான் லாபம்.

சட்டமும் இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. லைனர், பிஸ்டன் மாற்றுவதற்குச் சிக்கல் இல்லை. பிளாக்கையே மாற்றினால் என்ஜின் எண் மாறிவிடும். பழைய இரும்புக் கடையில் பிளாக் வாங்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்குங்கள், வாங்கும் பிளாக்குக்கு பில்லும் கேளுங்கள். இல்லையென்றால் எஃப்.சி.யில் வண்டி நிற்கும், விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸிலும் தகராறு வரும்.

கட்டி முடித்ததும், டீசல் போகாமல் நிறுத்திவைத்து, ஆயில் பிரஷர் ஏறும்வரை செல்ஃப் அடித்து, பிறகு ஏர் எடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். புது ரிங் லைனரோடு படிய ஓரளவு பாரம் வேண்டும். மணிக்கணக்கில் ஐடிலில் ஓடவிட்டால் லைனர் வழவழப்பாகி ஆயில் குடிக்கத் தொடங்கும். முதல் நாளே துவரங்குறிச்சி வரை முழு லோடு ஏற்றுவதும் தவறு. பாதி லோடில், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டி, முதல் 500 முதல் 1000 கி.மீ.க்குள் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். வடியும் ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்த்து, பளபளக்கும் துகள் அதிகம் தென்பட்டால் வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.