மஞ்சள் கொடி பிடித்தவர்கள்



சித்திரை பிறந்தால் நுவரெலியாவுக்கு வசந்தகாலம். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கிரகரி வாவியில் படகுகள் என்று நகரமே திருவிழாக் கோலம் பூணும். அந்நாட்களின் இன்னோர் ஈர்ப்பு மோட்டார் ஓட்டப் போட்டி. மாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தின் வளைந்தேறும் பாதையில் மலையேற்றக் காரோட்டம் 1934ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. வாகனங்களை ஒவ்வொன்றாக ஏறவிட்டு நேரம் கணிக்கும் போட்டி அது. ஓட்டுவோரில் பெரும்பாலோர் இதைக் கொண்டு பிழைப்பவர் அல்லர். வாரநாட்களில் வேறு தொழில் பார்க்கும் ஆர்வலர்கள்.

நீங்களும் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு இத்தகைய போட்டியொன்றைப் பார்த்திருக்கக்கூடும். அப்போது உங்கள் கண் எதன்மேல் இருந்தது? சீறி வரும் காரின்மேல்தான். அதில் தவறில்லை. ஆனால் வளைவுதோறும் கையில் கொடியோடு நின்ற ஒருவரை நீங்கள் கவனித்தீர்களா? அவரை மார்ஷல் என்பார்கள். அவர் மஞ்சள் கொடி அசைத்தால் முன்னே ஆபத்து, வேகத்தைக் குறை, எவரையும் முந்தாதே என்று பொருள். சிவப்புக் கொடி என்றால் ஓட்டம் நிறுத்தப்படுகிறது. கார் கவிழ்ந்தால் முதலில் ஓடுபவர் அவர். தீப்பற்றினால் அணைப்பான் தூக்குபவரும் அவரே. உலகின் பெரும்பாலான ஓடுதளங்களில் இப்பணியைச் செய்வோர் ஊதியம் பெறாத தொண்டர்கள்.

இவர்களைப் பற்றி எழுதத் தூண்டியது தியத்தலாவை. நானுஓயாவில் ரயில் ஏறினால் அப்புத்தளைக்கு அப்பால் வரும் படைமுகாம் நகரம். அங்கு நடைபெறும் பொக்ஸ் ஹில் போட்டி 2019இன் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின் ஐந்து ஆண்டுகள் நடைபெறவில்லை. மீண்டும் அது நடந்த நாள் 2024 ஏப்ரல் 21. ஓட்டத்தின் நடுவே ஒரு கார் பாதையோரத்தில் கவிழ்ந்தது. பின்னால் வருவோரை எச்சரிக்கப் பணியாளர்கள் மஞ்சள் கொடியை அசைத்தார்கள். சில நொடிகளில் இன்னொரு கார் பாதையை விட்டு விலகி, பணியாளர்கள்மீதும் பார்வையாளர்கள்மீதும் பாய்ந்தது. எழுவர் மாண்டனர். அவர்களுள் நால்வர் போட்டிப் பணியாளர்கள். ஒருத்தி எட்டு வயதுச் சிறுமி. இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

நாளை மீண்டும் நோக்குங்கள். சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன் அதே தேதியில்தான் கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் ஆலயங்கள் இரத்தத்தில் நனைந்தன. 2024இல் அந்தத் தேதி பாஸ்கா காலத்து நான்காம் ஞாயிறாக, நல்லாயன் ஞாயிறாக அமைந்தது. ஓநாய் வருவதைக் கண்டதும் கூலிக்கு மேய்ப்பவன் ஓடிவிடுவான், நல்ல ஆயனோ ஆடுகளுக்காக உயிரைக் கொடுப்பான் என்ற நற்செய்திப் பகுதி அன்று காலை எல்லாக் கத்தோலிக்க ஆலயங்களிலும் வாசிக்கப்பட்டது. அதே நாளில் தியத்தலாவையில், ஆபத்து நிகழ்ந்த இடத்தை விட்டு ஓடாமல், பிறரை எச்சரிக்க அங்கேயே நின்றார்கள் சிலர்.

இத்தகைய ஆபத்தான விளையாட்டு தேவைதானா என்று சிலர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு விடை காணும்வரை கொடி பிடிப்பவரை மறந்திருக்கலாகாது. 1977 மார்ச் 5ஆம் தேதி தென்னாபிரிக்காவின் கியாலமி ஓடுதளத்தில், நின்றுவிட்ட ஒரு காரில் தீ எழக் கண்டு, அணைப்பானைத் தூக்கிக்கொண்டு பாதையைக் கடந்து ஓடினார் பத்தொன்பது வயதுத் தொண்டர் பிரெடரிக் யான்சன் வான் வூரன். மேட்டின் மறுபுறமிருந்து விரைந்து வந்த டொம் பிரைஸ் என்ற வீரரின் கார் அவர்மேல் மோத, இருவரும் அங்கேயே இறந்தனர். ஓட்டியவர் யார் என்பது உடனே தெரிந்தது. தொண்டர் யார் என்பதோ, மார்ஷல்கள் அனைவரையும் வரவழைத்து, வராதவர் எவர் என்று பார்த்த பின்னரே தெரிந்தது.

நல்ல மனம் மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1973இல் நெதர்லாந்தின் சான்ட்வூர்ட் ஓட்டத்தில் ரொஜர் வில்லியம்சனின் கார் கவிழ்ந்து எரிந்தபோது, தீத்தடுப்பு உடை இல்லாத மார்ஷல்களால் நெருங்க முடியவில்லை. சக வீரர் டேவிட் பர்லி தனியொருவராய்ப் போராடித் தோற்றார். தொண்டருக்கு நன்றி சொல்ல விரும்பும் அமைப்பாளர் முதலில் அவருக்கு உடையும் பயிற்சியும், அவர் ஒதுங்கி நிற்க ஓர் அரணும் கொடுக்கட்டும். மாலையும் பாராட்டும் அதற்குப் பிறகு.

மீண்டெழுந்தவர்களும் உண்டு. 1976 ஆகஸ்ட் 1ஆம் தேதி ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங்கில் நிக்கி லவுடாவின் கார் தீப்பற்றியது. பாதையின் நீளம் ஏறத்தாழ 23 கிலோமீற்றர், உதவியாளர் போதவில்லை. பின்னால் வந்த வீரர்கள் காரை நிறுத்தி அவரை வெளியே இழுத்தார்கள். மருத்துவமனையில் குருவானவர் ஒருவர் வந்து நோயில் பூசுதல் அளித்தார். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் போனது தமக்குக் கோபமூட்டியதாகவும், பிழைத்தே தீர வேண்டும் என்ற உறுதி அப்போது பிறந்ததாகவும் லவுடா பின்னாளில் சொன்னார். நம் பாட்டிமார் அதை 'அவஸ்தை பூசுதல்' என்று சாவோடு சேர்த்தே பேசினார்கள். திருச்சபையோ அதை நோயாளியைத் தேற்றி எழுப்பும் அருளடையாளமாகவே காண்கிறது. கட்டிலருகே நிற்கும் குருக்களாகிய எங்களுக்கு இதில் பாடம் உண்டு. நாற்பத்திரண்டாம் நாள் இத்தாலியின் மொன்சாவில் மீண்டும் காரோட்டி நான்காவதாக வந்தார் அவர்.

நம்மவரில் நடிகர் அஜித்குமாரை அறியாதவர் இல்லை. 2025 ஜனவரியில் துபாயில் பயிற்சியின்போது அவரது கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. சில நாட்களில் அவரது அணி 24 மணிநேர ஓட்டத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. அதையெல்லாம் பத்திரிகைகள் விரிவாக எழுதின. அதே ஆண்டு ஜூலையில் இத்தாலியின் மிசானோவில், பாதையில் நின்றுவிட்ட காரொன்றின்மேல் அவர் வாகனம் மோதி உடைந்தது. காயமின்றி இறங்கிய அவர் உடனே அகன்றுவிடவில்லை. மார்ஷல்களோடு சேர்ந்து குனிந்து, பாதையில் சிதறிய துண்டுகளைப் பொறுக்கினார்.

மலையகத்தாருக்கு இது புதிதன்று. பேருந்து பள்ளத்தில் வீழ்ந்தால் முதலில் இறங்கி ஓடுவோர் பக்கத்து லயத்து மக்களே. காயப்பட்டவரைக் கம்பளியில் தூளி கட்டி மேலே சுமந்து வருவோரும் அவர்களே. பிழைத்தவர் எத்தனை பேர் பிறகு அந்த லயத்தைத் தேடி வந்திருப்பார்கள்?

அடுத்த ஏப்ரல் 21இல் 2019இன் உறவுகளுக்காக மெழுகுதிரி ஏற்றும்போது, தியத்தலாவையின் எழுவருக்காகவும் ஒன்று ஏற்றுங்கள். வசந்தகால ஓட்டத்துக்குப் போனால், கொடி பிடித்தவர் பின்னால் போகச் சொல்லும்போது பிள்ளைகளோடு பின்னால் போய்விடுங்கள். மாலையில் கூட்டம் கலையும் வேளையில் அவர் இன்னும் வளைவில் நின்றுகொண்டிருப்பார். அருகில் சென்று அவர் பெயரைக் கேளுங்கள்.