கரப்பானா? தேய்க்காதீங்க, பூசுங்க! பிள்ளைகளின் தோல் அரிப்புக்குப் பின்னால் இருக்கும் 'சுவர்' ரகசியம்

பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனால் எல்லோரும் கட்டபொம்மன் நினைவுக் கோட்டை முன்னால் ஒரு செல்ஃபி எடுப்பார்கள். போன முறை நான் கோட்டைப் பக்கமே போகவில்லை. அக்கா வீட்டில் ராத்திரி முழுக்க விழித்திருந்தேன். அக்காவின் ஐந்து வயது மகன் முழங்கை மடிப்பையும் முழங்காலின் பின்பக்கத்தையும் தூக்கத்திலும் சொறிந்துகொண்டே இருந்தான். விடிந்தபோது தலையணை உறையில் ரத்தப் பொட்டுகள்.

"ஏலே, சொறியாதலே" என்று ஆச்சி அவன் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. "அழுக்குதான், சோப்பு போட்டு நல்லா தேய்" என்றார் ஆச்சி. "மீன், கருவாடு எல்லாம் கரப்பான் பண்டம், குடுக்காத" என்றார் பக்கத்து வீட்டு அத்தை. தெருவில் சிலர், ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து தங்கள் பிள்ளைகளை அவனோடு விளையாட விடவில்லை. அக்காவின் கையிலோ, சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் வாங்கிய ஒரு டியூப்.

நம் ஊரில் கரப்பான் என்று சொல்லும் எக்ஸிமா அழுக்கால் வருவதில்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. அப்படியென்றால் என்னதான் காரணம்?

செங்கல்லும் சாந்தும்

நம் தோலின் மேலடுக்கு, உடம்பின் பெரும்பாலான இடங்களில் ஒரு தாளைவிட மெல்லியது. ஆனால் அதுதான் உடம்பின் கோட்டைச் சுவர். இறந்த செல்கள் செங்கற்கள். அவற்றுக்கு நடுவே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் என மூன்று வகைக் கொழுப்புகள் சேர்ந்த சாந்து. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமலும், தூசியும் கிருமியும் உள்ளே வராமலும் காப்பது இந்தச் சாந்துதான்.

கரப்பான் உள்ளவர்களின் தோலில் செராமைடு குறைவாக இருக்கும். சிலருக்கு ஃபிலாக்ரின் என்ற புரதத்தை உருவாக்கும் மரபணுவிலேயே குறை இருப்பதை 2006-ல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். சுவரில் கீறல் விழுந்தால் ஈரம் கசிந்து தோல் வறண்டுபோகும். வெளியிலிருந்து தூசி நுழைந்ததும் உடம்பின் எதிர்ப்புப் படை கிளம்பும். அதுதான் சிவப்பும் அரிப்பும். சொறியச் சொறியக் கீறல் பெரிதாகும், அரிப்பும் கூடும்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். 1799-ல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட பிறகு கோட்டை இடிக்கப்பட்டது. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்த ஊமைத்துரை, சில நாட்களிலேயே மண் கோட்டையை மறுபடி எழுப்பினார். அந்தச் சுவரை வைத்துத்தான் மே மாதம் வரை கும்பினிப் படையைச் சமாளித்தார். கரப்பானுக்கும் அதே கணக்குதான். முதலில் சுவரைப் பூச வேண்டும்.

சோப்பு என்ன செய்கிறது?

ஆரோக்கியமான தோல் லேசான அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு சுமார் 5. சாதாரண சோப்புக் கட்டிகளில் பலவும் 9, 10 என்று காரமானவை. அழுத்தித் தேய்த்தால் அழுக்கோடு சாந்தும் கரைந்து போகும். புதிய செராமைடு உருவாகும் வேலையும் கெடும்.

எந்த எண்ணெய்?

கரப்பான் உள்ள 117 பிள்ளைகளை வைத்து பிலிப்பைன்ஸில் நடந்த ஆய்வு 2014-ல் வெளியானது. எட்டு வாரம் பூசியதில், மினரல் ஆயிலைவிட வெர்ஜின் தேங்காய் எண்ணெய் நல்ல பலன் தந்தது. ஆனால் விலை கூடிய ஆலிவ் ஆயில் தோலின் சுவரைப் பலவீனப்படுத்துவதாக 2013-ல் பிரிட்டனில் நடந்த ஆய்வு சொன்னது. விலையைப் பார்த்து எண்ணெயை முடிவு செய்யாதீர்கள்.

பிறந்த குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே பூசினால் கரப்பான் வராமலே தடுக்கலாமா? பிரிட்டனில் 1,394 குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். தடுக்க முடியவில்லை என்று 2020-ல் முடிவு வந்தது. வந்த பிறகு கட்டுக்குள் வைக்கத்தான் பூச்சு.

அந்த டியூப்?

மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு களிம்பு நல்ல மருந்து. அளவும் நாளும் தெரியாமல் நாமே மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துவிடும். அதனால்தான் 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டும் என்று கொண்டுவந்தது.

வீட்டில் என்ன செய்யலாம்?

* வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடக் குளியல் போதும். நார் வேண்டாம்.
* மென்மையான, வாசனையில்லாத சோப்பைத் தேவையான இடத்தில் மட்டும் போடுங்கள்.
* துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன்பே மாய்ஸ்சரைசர் பூசுங்கள். தினமும் இரண்டு முறை, அரிப்பு இல்லாத நாளிலும்.
* நகத்தை ஒட்ட வெட்டுங்கள். பருத்தித் துணி போடுங்கள்.
* சோதிக்காமல் மீன், முட்டையை நிறுத்தாதீர்கள். சில பிள்ளைகளுக்கு உணவு ஒவ்வாமை இருக்கும். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.
* நீர் வடிந்தாலோ, மஞ்சள் பொருக்கு கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ எண்ணெயோடு காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

ஆச்சிக்குத் தெரிந்த வைத்தியம்

அக்காவோடு தூத்துக்குடிக்குப் போய்த் தோல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தோம். அவர் சொன்னதை ஆச்சியிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது, அவர் தன் பாதத்தை நீட்டிக் காட்டினார். இருபது வருஷம் உப்பளத்தில் வாருபலகை பிடித்தவர். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது. அதோடு நாள் முழுக்க உப்பு நீரில் நின்றால் வெடிக்காமல் என்ன செய்யும்?

"அளத்துக்குப் போகும் முன்னாடியும் வந்த பொறவும் தேங்கா எண்ணெய் தடவிக்கிடுவோம். இல்லேன்னா மறுநாள் நிக்க முடியாது" என்றார். கொஞ்ச நேரம் பேரனையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்காலுக்குப் பார்த்ததை இந்தப் பிள்ளைக்குப் பார்க்கலையே."

இப்போது அவனைக் குளிப்பாட்டிப் பூசிவிடுவது ஆச்சிதான். கரப்பான் முழுசாகப் போய்விடவில்லை. பனிக்காலத்தில் எட்டிப் பார்க்கிறது. ஆனால் பிள்ளை ராத்திரி தூங்குகிறான். அக்காவும் தூங்குகிறாள்.

உங்கள் தெருவில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், உங்கள் பிள்ளையை அவனோடு விளையாட விடுங்கள். ஒட்டாது.