இன்வெர்ட்டர் பேட்டரி நிரம்பும் விதம்
இன்வெர்ட்டரின் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி ஒரே வேகத்தில் சார்ஜ் ஆவதில்லை. கரண்ட் வந்ததும் முதலில் நிலையான மின்னோட்டம் பாய்கிறது. 150 ஆம்பியர்-மணி பேட்டரிக்குச் சுமார் 15 ஆம்பியர். மின்னழுத்தம் ஏறி 14.4 வோல்ட்டை ஒட்டும்போது பெரும்பகுதி நிரம்பியிருக்கும்.

மிச்சம்தான் பொறுமை கேட்கும் பகுதி. அதே வேகத்தில் தொடர்ந்தால் அமிலக் கரைசலின் நீர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரியும், பேட்டரி சூடாகும். ஆகவே இரண்டாம் கட்டத்தில் மின்னழுத்தம் நிலையாக நிறுத்தப்பட, மின்னோட்டம் தானாகக் குறைந்துகொண்டே வரும். இதற்குச் சில மணி நேரம் ஆகும். அடிக்கடி இது பாதியில் நின்றால் தகடுகளில் ஈய சல்பேட் இறுகி, கொள்ளளவு குறையும்.

கடைசிக் கட்டத்தில் சுமார் 13.6 வோல்ட் மட்டும் கொடுக்கப்படும். பேட்டரி சும்மா இருக்கும்போது இழக்கும் மின்னூட்டத்தை அது ஈடுகட்டுகிறது. இப்படிக் கவனமாக சார்ஜ் ஆனாலும் டியூபுலர் வகை ஈய-அமில பேட்டரியில் நீர் மெல்லக் குறையும்; டிஸ்டில்டு வாட்டரைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது.