கைபேசியும் வதந்தியும்

தமுக்கடித்துச் செய்தி சொன்ன காலத்தில், அதைச் சொல்லச் சொன்னவர் யாரென்பதை ஊரார் அறிவர். இன்று கைபேசியில் வரும் செய்திக்கு அவ்வடையாளம் இல்லை. மழை நிலவரமும் விளைபொருள் விலையும் வருகின்ற வாட்ஸ்அப் வழியே பொய்யும் வருகிறது.

இதன் விபரீதத்தை நாம் கண்டிருக்கிறோம். குழந்தை கடத்துவோர் நடமாடுவதாகப் பரவிய வதந்தியை நம்பி, 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவரைக் கும்பல் ஒன்று அடித்துக் கொன்றது. அவ்வாண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே தடவையில் 5 இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு இந்தியாவில் வரம்பு கட்டுவதாக வாட்ஸ்அப் நிறுவனம் அறிவித்தது. பல கை மாறிய செய்திக்கு 2020 ஏப்ரலில் அவ்வரம்பு 1 ஆயிற்று. அத்தகைய செய்தியின்மேல் இரட்டை அம்புக்குறி காணப்படும்.

எனினும், வரம்பு மட்டும் போதாது. ஒருவர் ஐவருக்கு அனுப்பி, அவர்களும் அவ்வாறே செய்தால், மூன்றாம் சுற்றில் 125 பேரை அது எட்டிவிடும். ஆகவே, அனுப்பியவர் கண்ணால் கண்டாரா என்று கேட்பதும், காவல் நிலையத்தில் விசாரிப்பதும் நம் கடமை. அறிந்த உண்மையை உடனே ஊராருக்கு உரைப்பது பஞ்சாயத்து அங்கத்தினர்களின் பொறுப்பு. வழிப்போக்கர் அச்சமின்றி வந்து போகும் ஊரே முன்னேறிய ஊராகும்.