சந்திரனில் ஒரு கிலோ வெல்லம்



நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை என்று இரண்டு ஊர்கள் உள்ளன. அவ்வூர்ப் பக்கத்தில் கிடைக்கும் ஒருவகைக் கல்லை நிலவியல் அறிஞர் அனார்த்தசைட்டு என்பர். சந்திரனின் மேட்டு நிலங்களிலும் இவ்வினப் பாறையே மிகுதி. சந்திரயான் திட்டத்தின் இறங்குகலத்தையும் உலாவியையும் பூமியிலேயே சோதித்துப் பார்க்கச் சந்திர மண்ணைப் போன்ற மண் வேண்டியிருந்தது. அதற்காக இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தார் இக்கல்லைப் பொடித்து, ஏறத்தாழ 50 டன் அளவில் பெங்களூருக்குக் கொண்டுசென்றனர். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து நிலவியல் துறையினரும் இப்பணிக்குத் துணை நின்றனர். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் விக்ரம் என்னும் இறங்குகலம் சந்திரனில் இறங்கியபோது, "எங்கள் ஊர் மண்ணில் பழகிய வண்டி" என்று நம் வட்டாரத்துப் பிள்ளைகள் பெருமை பேசியதில் வியப்பில்லை.

மண்ணைக் கொண்டுபோய்விட்டார்கள். சந்திரனின் ஈர்ப்பை எங்கிருந்து கொண்டுவருவது? உலாவி ஏறத்தாழ 26 கிலோ. சந்திரன் அதனை இழுக்கும் விசையோ, பூமி இழுக்கும் விசையில் ஆறில் ஒரு பங்கே. பெங்களூரில் அதனை அப்படியே ஓடவிட்டால் சக்கரங்கள் மண்ணில் ஆறு மடங்கு அழுந்தும். சோதனை பொய்த்துப் போகும். ஆகவே ஹீலியம் வாயு நிரப்பிய பலூனைக் கட்டி, உலாவியை மேல்நோக்கி இழுக்கச் செய்தார்கள். இச்செய்தியை நான் ஒரு பள்ளியில் சொன்னபோது, ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, "பலூன் கட்டினா வண்டி இளைச்சுப் போயிருங்களா ஐயா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஏனெனில் அவள் கேட்டது இப்பாடத்தின் உயிர்நிலையான கேள்வி. உலாவியில் ஒரு திருகாணியும் கழற்றப்படவில்லை. அதிலுள்ள பொருளின் அளவு இம்மியும் குறையவில்லை. மண் தாங்க வேண்டிய பாரம் மட்டும் குறைந்தது.

பொருளின் அளவை நிறை என்கிறோம். அப்பொருளைப் பூமி இழுக்கும் விசையை எடை என்கிறோம். நிறைக்கு அலகு கிலோகிராம். எடைக்கு அலகு நியூட்டன். இவ்வளவையும் கரும்பலகையில் எழுதி, மனப்பாடம் செய்யச் சொல்லி, மறுநாள் ஒப்புவிக்கச் செய்வதோடு பல வகுப்புகளில் பாடம் முடிந்துவிடுகிறது. குழந்தை சந்தைக்குப் போகிறது, அங்கே "என்ன எடை?" என்று கேட்டால் "ரெண்டு கிலோ" என்று விடை வருகிறது. நிறையை அளக்கும் கல்லுக்கே எடைக்கல் என்றுதான் பெயர். குழந்தை யாரை நம்பும்? போதாக்குறைக்கு, இலங்கைத் தமிழர் பாடநூல்களில் நாம் நிறை என்பதைத் திணிவு என்றும், நாம் எடை என்பதை நிறை என்றும் வழங்குகிறார்கள். சொல்லைப் பிடித்துக்கொண்டு கற்பவன் அங்கே ஒரு நாளும் இங்கே ஒரு நாளும் இடறி விழுவான். என் மாணவர்க்கு நான் சொல்லிவந்த குறிப்பு இது: எடுக்கும்போது கை உணர்வது எடை, நிறுத்துக் காண்பது நிறை.

இதனை விளக்க இரண்டு கருவிகள் போதும். ஒன்று தட்டுத் தராசு. மற்றொன்று கொக்கியில் பொருளை மாட்டி இழுவையைக் காணும் சுருள்வில் தராசு. தட்டுத் தராசில் ஒரு பக்கம் வெல்லத்தையும் மறுபக்கம் ஒரு கிலோ கல்லையும் வைத்தால் முள் நடுவில் நிற்கிறது. பூமி இரண்டு தட்டையும் ஒரே அளவில் இழுக்கிறது என்பதே அதன் பொருள். இதே தராசைச் சந்திரனுக்குக் கொண்டுபோனால் இரண்டு பக்கத்து இழுவையும் ஒருசேரக் குறையும்; முள் நடுவிலேயே நிற்கும். ஒரு கிலோ வெல்லம் அங்கும் ஒரு கிலோதான். சுருள்வில் தராசுக்கு எதிர்க்கல் இல்லை. அது இழுவையை மட்டுமே அறியும். சந்திரனில் அதன் குறிமுள் 170 கிராமைக்கூட எட்டாது. சேலத்து வியாபாரி அங்கே கடை வைத்தால் எந்தத் தராசு வைத்திருக்கிறார் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்!

சந்திரன் வரை போவானேன், ஏற்காட்டுக்குப் போனால் எடை குறையாதா என்று கெட்டிக்காரப் பிள்ளைகள் கேட்பார்கள். குறையும். சேலத்தைவிட ஏற்காடு ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம். பூமியின் மையத்திலிருந்து அவ்வளவு விலகுவதால், 100 கிலோ மூட்டை ஒன்றுக்குச் சுருள்வில் தராசில் 40 கிராமுக்கும் குறைவான வேறுபாடே தெரியும். அதிலும், நாம் ஏறி நிற்கும் மலையே தன் பங்குக்கு மூட்டையைக் கீழே இழுப்பதால் குறைவு இன்னும் சுருங்கிவிடும். கடைத் தராசில் இது புலப்படாது. ஆகவே ஏற்காட்டுச் சுற்றுலாவை இதன் பெயரால் யாரும் ஏற்பாடு செய்ய வேண்டாம். துருவத்துக்குப் போனால் கதை வேறு. அங்கே பூமியின் சுழற்சி பொருளை வெளித்தள்ளுவதில்லை. மையமும் சற்று அருகில் இருக்கிறது. அதே மூட்டை அங்கே அரைக் கிலோ கூடுதலாகக் காட்டும். பாடநூலில் 9.8 என்று அச்சிட்டிருக்கும் ஈர்ப்பு முடுக்கம், நம் சேலத்துக்கு 9.78 அளவே.

எடை குறைந்தாலும் குறையாத ஒன்று உண்டு என்பதைக் குழந்தை கையால் அறிய வேண்டும். அதற்குப் பள்ளியில் ஒரு புளியமரம் போதும். இரண்டு தகர டின்களைச் சம நீளக் கயிற்றில் கிளையிலிருந்து தொங்கவிடுங்கள். ஒன்று காலி, மற்றொன்றில் மணல். இரண்டின் எடையையும் கயிறு தாங்கிக்கொண்டது. குழந்தை எதையும் தூக்க வேண்டியதில்லை. இப்போது ஒரே விரலால் இரண்டையும் பக்கவாட்டில் தள்ளச் சொல்லுங்கள். காலி டின் துள்ளி ஓடும். மணல் டின் அசைய மறுக்கும். அது ஊசலாடி வரும்போது உள்ளங்கையால் நிறுத்திப் பார்த்தால் இன்னும் நன்றாக விளங்கும். தூக்காதபோதும் இப்படி எதிர்த்து நிற்பது எது? அதுதான் நிறை. சந்திரனிலும் அந்த டின் தள்ளும் கணத்தில் இதே அளவு முரண்டு பிடிக்கும். நாமக்கல் லாரி ஓட்டுநர்கள் இதனைப் பாடநூல் இல்லாமலே அறிவார்கள். மட்டமான சாலையில் பாரம் ஏற்றிய வண்டி புறப்படவும் நேரம் எடுக்கிறது; பிரேக் போட்டு நிறுத்த நெடுந்தூரமும் வேண்டியிருக்கிறது.

ஒரு கல்லையும் ஓர் எலுமிச்சம்பழத்தையும் மாடியிலிருந்து ஒருசேர விட்டால் ஏறக்குறைய ஒன்றாகவே தரை சேர்வதும் இதனால்தான். கல்லைப் பூமி அதிகமாக இழுக்கிறது. கல்லோ அந்த அளவுக்கு அசைய மறுக்கிறது. இரண்டும் சரிக்குச் சரியாகிவிடுகின்றன. முட்டைக்கும் இதே விதிதான். ஆனால் நாமக்கல்லில் முட்டையை வீணாக்கினால் பெற்றோர் பொறுக்கமாட்டார்கள்.

இனி என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். 1984ஆம் ஆண்டு ஏப்ரலில் ராகேஷ் சர்மா சோவியத் விண்கலத்தில் சென்று சல்யூத் நிலையத்தில் தங்கினார். நான் அப்போது பயிற்சி முடித்து வந்த இளம் ஆசிரியன். விண்வெளியில் மனிதர் ஏன் மிதக்கிறார் என்று பிள்ளைகள் கேட்டார்கள். "அங்கே பூமியின் ஈர்ப்பு இல்லை" என்றேன். கடைசி வரிசையில் கிணறு வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகன் எழுந்தான். "இழுப்பே இல்லைன்னா அது எதுக்குங்க சார் பூமியைச் சுத்தோணும்? நேரா ஓடிப் போயிராதுங்களா?" என்றான். எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. "பாடத்தில் இல்லாததைக் கேட்காதே, உட்கார்" என்று அதட்டினேன். உட்கார்ந்தான். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை. லாரியில் கிளீனராகப் போய்விட்டான் என்றார்கள். அவன் போனதற்கு வீட்டு வறுமையே காரணம் என்று பிறர் எனக்கு ஆறுதல் சொன்னதுண்டு. இருக்கலாம். ஆயினும் நான் அதே தவறான விடையைப் பின்னும் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உண்மை என்ன? 2025ஆம் ஆண்டில் சுபான்ஷு சுக்லா தங்கியிருந்த பன்னாட்டு விண்வெளி நிலையம் தரையிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அவ்வுயரத்தில் புவியீர்ப்பு இங்குள்ளதில் நூற்றுக்கு 88 பங்குக்கு மேல் இருக்கிறது. அங்குள்ளோர் மிதப்பதற்குக் காரணம், நிலையமும் மனிதரும் உணவுப் பொட்டலமும் எல்லாம் ஒருசேர விழுந்துகொண்டே இருப்பதுதான். நாமக்கல் கோட்டைப் பாறையின் உச்சியிலிருந்து ஒரு கல்லைக் கிடைமட்டமாக வீசுவதாகக் கற்பனை செய்யுங்கள். வேகம் கூடக்கூட அது தொலைவில் விழும். மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகமும், தடுக்கக் காற்றில்லாத உயரமும் வாய்த்துவிட்டால், அது விழ விழ உருண்டையான பூமியும் அதனடியில் வளைந்து விலகிக்கொண்டே போகும். விழுதல் ஓயாது, தரையும் வராது.

நம்பாத பிள்ளைக்கு ஒரு தகர டப்பாவைக் கொடுங்கள். அடிப்பக்கத்தில் ஆணியால் துளையிட்டு, நீர் நிரப்பி, கையில் பிடிக்கச் சொல்லுங்கள். நீர் பீறிட்டு ஒழுகும். பெரியவர் ஒருவர் மாடிக்குச் சென்று, கீழே யாரும் இல்லாத மணல்மேல் அதனைக் கைவிடட்டும். விழும் அந்த ஒரு நொடியில் துளையிலிருந்து நீர் வராது. டப்பாவும் நீரும் ஒன்றாய் விழுவதால் நீர் டப்பாவை அழுத்துவதில்லை. ஈர்ப்பு எங்கும் போய்விடவில்லை. அது இருப்பதால்தானே டப்பா விழுகிறது!

அந்த மாணவனுக்கு இப்போது ஐம்பது வயது கடந்திருக்கும். இரவு லாரிகளில் வானொலி கேட்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தம்பி, நீ கேட்டது சரி. இழுப்பு இல்லையென்றால் அந்தக் கலம் நேராக ஓடித்தான் போயிருக்கும்.