160 ஏக்கர்: ஒரே அளவு, இரண்டு கணக்கு

அமெரிக்காவின் மேற்குப் பகுதி என்றதும் நம்மட ஆக்களுக்கு ஞாபகம் வருவது குதிரையும் துப்பாக்கியும் கௌபோய்ப் படங்களும்தான். அந்தப் பெருநிலம் கைமாறிய வரலாற்றை வாசித்தபோது, துப்பாக்கியைவிட ஒரு எண்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது: 160 ஏக்கர்.

இந்த எண் எங்கிருந்து வந்தது? 1785ஆம் ஆண்டின் சட்டமொன்று நிலத்தைச் சதுரம் சதுரமாக அளக்க வழிசெய்தது. ஆறு மைல் நீளம், ஆறு மைல் அகலம் கொண்டது ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 துண்டுகள். ஒவ்வொன்றும் 640 ஏக்கர். அதில் காற்பங்குதான் 160. அங்கே யார் வேட்டையாடினார்கள், யாருடைய மூதாதையர் அடங்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தக் கோட்டுக்குத் தெரியாது.

1862 மே 20இல் ஜனாதிபதி லிங்கன் ஹோம்ஸ்டெட் சட்டத்தில் கையெழுத்திட்டார். சிறிய பதிவுக் கட்டணத்தைக் கட்டி, ஐந்து வருடம் குடியிருந்து, வீடு கட்டிப் பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தம். ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழைகள், தனித்து வாழ்ந்த பெண்கள், அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான கறுப்பின மக்கள் என்று பலரும் மனுப்போட்டார்கள். மரமில்லாத சமவெளியில் புல்வேரோடு மண்ணை வெட்டி அடுக்கி வீடு கட்டினாங்க. வரட்சியிலும் வெட்டுக்கிளியிலும் பயிரைப் பறிகொடுத்து, பாதியில் விட்டுப் போனவர்களும் ஏராளம். அவங்க பட்ட பாடு பொய்யில்லை.

ஆனால் அது வெறுங்காணியாக இருக்கவில்லை. பூர்வ குடிகளை ஒப்பந்தங்களாலும் யுத்தங்களாலும் ஒதுக்கப்பட்ட பிரதேசங்களுக்குள் தள்ளிய பிறகே அது "வெறுமை" ஆனது.

அந்தப் பிரதேசங்களையும் 1887இல் டாவ்ஸ் சட்டம் துண்டாடியது. குலம் முழுவதற்கும் பொதுவாக இருந்த நிலத்தைத் தனித்தனியாகப் பிரித்து, குடும்பத் தலைவருக்கு அதே 160 ஏக்கர் கொடுத்தார்கள். கேட்க நியாயம் போலத்தான் இருக்கும். கணக்கை முடித்துப் பார்த்தால்தான் சூட்சுமம் விளங்கும். பங்கு போக மிஞ்சியதை "உபரி" என்று சொல்லிக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டாங்க. கொடுத்த துண்டுகளிலும் பல பின்னர் வரிக்கும் கடனுக்கும் போயின. 1887இல் பூர்வ குடிகளிடம் ஏறத்தாழ 138 மில்லியன் ஏக்கர் இருந்தது. இந்தப் பங்கீடு 1934இல் நிறுத்தப்பட்டபோது மிஞ்சியது சுமார் 48 மில்லியன்.

ஒருவனுக்கு 160 ஏக்கர் என்பது கிடைத்த காணி. மற்றவனுக்கு அதே 160 ஏக்கர், இருந்ததையெல்லாம் இழந்தபின் மிஞ்சிய துண்டு.

இது பழங்கதை என்று மூடிவைக்கவும் முடியாது. பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதி 1868 ஒப்பந்தத்தின்படி லக்கோட்டா மக்களுக்குரியது. 1874இல் அங்கே தங்கம் இருப்பது தெரியவந்தது. 1877இல் ஒரு சட்டத்தால் அதை எடுத்துக்கொண்டார்கள். 1980இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், நூறு மில்லியன் டொலருக்கு மேற்பட்ட இழப்பீட்டை உறுதிசெய்தது. லக்கோட்டா மக்கள் அந்தக் காசைத் தொடவில்லை. விற்காத காணிக்கு எப்படி விலை வாங்குவது என்பதுதான் அவங்கட கேள்வி.